சொல்லாமல் விட்ட மரம்

என் தம்பி லியெம் இறந்த ஒன்பதாம் நாள் மத்தியானம், அவன் படத்துக்கு முன்னால் படைத்த மீனை எறும்புகள் வந்து தின்றன. இதில் என்ன அதிசயம், மீன் வைத்தால் எறும்பு வராதா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். என் பெயர் லாய், வயது அறுபத்திரண்டு. பேய் என்று யாராவது வாயைத் திறந்தால், உனக்கு வேறு வேலை இல்லையா என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவள் நான்.

ஆனால் அன்றைக்கு வந்தவை அடுப்படி எறும்புகள் அல்ல. தோட்டத்து மஞ்சள் எறும்புகள். பச்சை இலைகளை இழுத்துப் பிடித்து, நூல் வைத்து ஒட்டி, மரத்தின் மேலே பந்து பந்தாகக் கூடு கட்டுமே, அந்த முசுறு. அவை வீட்டுக்குள் வருவதில்லை. அன்றைக்குத் தோட்டத்தின் கடைசியிலிருந்து கிளம்பி, அவை நடக்க லியெம் மரத்துக்கு மரம் கட்டியிருந்த மூங்கில் பத்தைகள் வழியாக நடந்து, துணி காயப்போடும் கம்பியில் ஏறி, ஜன்னல் வழியாக உள்ளே இறங்கின. படையல் மேடையில் வாழைப்பழம் இருந்தது, இனிப்பு உருண்டை இருந்தது. எதையும் திரும்பிப் பார்க்காமல் நேரே மண்சட்டியில் வற்றவைத்த விரால் மீனுக்குப் போயின. சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றரை. லியெம் தினமும் சாப்பிட உட்காரும் நேரம்.

நான் துடைப்பத்தை எடுத்தேன். லியெமின் மனைவி தியெப் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தலையில் துக்கத்துக்குக் கட்டிய வெள்ளைத் துணி, அதன் கீழே ஒன்பது நாள் அழுது வீங்கிய முகம். அந்த முகம் சிரித்தது.

"சத்தம் போடாதீங்க அக்கா. அவர் சாப்பிடறாரு."

"யாரு?"

"மணியப் பாருங்க. வேற யாரு?"

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால், கோபத்தோடு பயமும் வந்தது. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

லியெம் தன் அறுபத்துமூன்று கமலா ஆரஞ்சு மரங்களுக்கு ஒரு சொட்டுப் பூச்சிமருந்து அடித்ததில்லை. எங்கள் வாய்க்கால் ஓரத்தில் எல்லோரும் முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு அலைந்தபோது, இவன் மீன் குடலை மாட்டிக்கொண்டு அலைந்தான். தினமும் சாப்பிடப் போவதற்கு முன் ஒரு குச்சியில் குடலைச் செருகி, அடிமரத்தை இரண்டு தட்டு தட்டி, கிளையில் தொங்கவிடுவான். எறும்புகளுக்குப் போட்ட பிறகுதான் அவனுக்குச் சோறு. பதிலுக்கு அவை தோட்டத்தைக் காத்தன. பச்சை நாற்றப்பூச்சி என்று ஒன்று உண்டு. காயில் மூக்கைக் குத்திச் சாற்றை உறிஞ்சிவிட்டுப் போகும், ஒரு வாரத்தில் காய் வெம்பி உதிரும். எறும்பு இருக்கும் மரத்தில் அது உட்காரக்கூட முடியாது. குஞ்சாக இருக்கும்போதே எறும்பு காலைப் பிடித்து இழுத்துப் போய்விடும்.

அதற்காக எறும்பு யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். மாவுப்பூச்சியை மாடு மாதிரி வளர்த்து அதனிடம் தேன் கறந்து குடிக்கும். அது ஒட்டியிருக்கும் கிளையில் இலையெல்லாம் கறுத்துப்போகும். நான் அந்த இலையைப் பறித்து லியெமின் மூக்குக்கு நேரே நீட்டினால், "காவலுக்கு இருக்கறவன் ரெண்டு பழம் தின்னா கணக்குப் பார்ப்பியா அக்கா?" என்பான். என்ன சொன்னாலும் அவனுக்கு ஒரு பதில் இருக்கும். அம்மா இறந்த வருஷம் அவனுக்கு வயது பதினான்கு. அதற்குப் பிறகு அவனை வளர்த்தவள் நான். அந்த வாயையும் நான்தான் வளர்த்தேன்.

அவன் பசியோடு செத்தான். வந்த வினை எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. அன்று காலை, தியெப் புதிதாக வாங்கிய சட்டியில் அவன் எறும்புக்கு மீன் குடலைப் போட்டு எடுத்துப் போயிருந்தான். புருஷன் பெண்டாட்டிக்குள் சின்னச் சண்டை. தினமும் பதினொன்றரைக்கு "சாப்பிட வாங்க" என்று பின்வாசலில் நின்று கத்துகிறவள், அன்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கத்தவில்லை. பசித்தால் தானே வரட்டும் என்று இருந்துவிட்டாள். ஒரு மணிக்கு மனசு கேட்காமல் தேடிப் போனாள். மரங்களுக்கு நடுவே ஓடும் வாய்க்காலில், சேறு அள்ளும் கூடையைப் பிடித்தபடி, கரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மார்பு வரைக்கும் தண்ணீர். இதயம் நின்றிருந்தது. சோறு தின்றிருந்தாலும் போயிருப்பான் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். தியெப் காதில் அது ஏறவே இல்லை.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் தோட்டக்காரன் செத்தால் மரங்களுக்குச் சொல்ல வேண்டும். சவப்பெட்டி வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன், ரத்த சொந்தத்தில் ஒருவர் மரம் மரமாகப் போய், அடிமரத்தைத் தட்டி, "உன்னை வைத்தவன் போய்விட்டான், இனி அவனுக்காகக் காத்திருக்காதே" என்று சொல்லி, ஒரு முழம் வெள்ளைத் துணி கட்ட வேண்டும். மரத்துக்குச் சொன்னால் அதில் குடியிருக்கும் எல்லாவற்றுக்கும் சொன்ன மாதிரி. லியெமுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்லக் கூடாது, நானே பிடுங்கிக்கொண்டேன். மூத்தவள் இளையவனின் சவத்துக்கு முன்னால் மண்டியிடக் கூடாது, ஊதுபத்தி ஏந்திக் கும்பிடக் கூடாது. எல்லோரும் விழுந்து விழுந்து கும்பிட, நான் மட்டும் விருந்தாளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவனுக்காக நான் செய்ய முடிந்தது அந்த ஒன்றுதான்.

அறுபத்திரண்டு மரங்களுக்குச் சொன்னேன். கடைசி மரம் பின்வேலி ஓரத்தில் நிற்கும் கிழட்டு மரம், அவன் பதினான்கு வயதில் வைத்தது. மேலே ஒன்பது கூடு. துணியை எடுத்துக்கொண்டு தட்டுவதற்குக் கையை ஓங்கினேன். வீட்டில் பெட்டியைத் தூக்கும் மேளம் கேட்டது. எறும்புகள் மேலும் கீழுமாக அவை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. இந்த உலகத்தில் இவற்றுக்கு மட்டும் லியெம் இன்னும் சாகவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஒன்றாவது அப்படி இருக்கட்டுமே. துணியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிவிட்டேன். எல்லா மரத்துக்கும் சொல்லியாச்சா என்று கேட்டார்கள். ஆச்சு என்றேன்.

ஒன்பதாம் நாள் மீன் தின்ன வந்த எறும்பு வரிசையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குள் நடந்தேன். துணி கட்டிய மரங்களில் ஒன்றிலிருந்தும் அவை வரவில்லை. ஒரு மரம், அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று எல்லாவற்றையும் வெறும் பாதையாக வைத்துக்கொண்டு, பின்வேலி வரைக்கும் அந்த வரிசை போனது. கிழட்டு மரத்தில், நான் துணி கட்டாத ஒரே மரத்தில், போய் முடிந்தது. எட்டு நாள் சோறு போட வராதவனைத் தேடிக்கொண்டு அவை வீட்டுக்கே வந்திருக்கின்றன.

அதன்பிறகு தினமும் வந்தன. தியெப் தோட்டத்துப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். காலையில் மீன் வாங்கி வந்து சமைப்பாள், பதினொன்றரைக்குப் படைப்பாள், மேடைக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்காருவாள். எறும்பு தின்று முடித்த பிறகு மிச்சமிருக்கும் வெறும் சோற்றை இரண்டு வாய் தின்பாள். அவன் சாப்பிட்ட மிச்சம் அல்லாமல் வேறு எதையும் அவள் தொடவில்லை.

"படத்துக்கு நேரா வந்ததும் ஒரு நிமிஷம் நிக்குதுங்க அக்கா. முன்னங்கால ரெண்டையும் தூக்குது. பாத்தீங்களா?"

"எறும்புன்னா காலத் தூக்கும். நான்கூடத்தான் வாய்க்காலத் தாண்டும்போது காலத் தூக்குறேன்."

"நேத்து உப்பு அதிகம். நேத்து நிக்கல. இன்னிக்கி சரியாப் போட்டேன், நிக்குது."

அவை நிற்பதை நானும் பார்த்தேன்.

வெட்கத்தைவிட்டு ஒன்று சொல்கிறேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. பதினான்கு வயதிலிருந்து சோறு போட்டவள் நான். பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியவள் வீட்டுக்கு வருகிறான், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் என் வீட்டுக்கு ஏன் வரவில்லை? ஒரு கனவில்கூட அவன் வரவில்லை. எறும்பு தண்ணீரைத் தாண்டாது, சரி. ஒரு நாள் விடியற்காலையில் நீளமான மூங்கில் ஒன்றை வெட்டி, அவன் வேலியிலிருந்து என் வாசல் கம்பம் வரைக்கும் வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டேன். கம்பத்தில் அவனுக்குப் பிடித்த கெளுத்தி மீனை வைத்தேன். எறும்புகள் ஏறின. மூங்கிலில் பாதி தூரம் வந்தன. அங்கே நின்று, மீசையை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டன. மூன்று நாள் வைத்தேன், மூன்று நாளும் அப்படியே. நாலாம் நாள் மூங்கிலைப் பிடுங்கி அடுப்பில் வைத்தேன். அழுதேன், புகை என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த தோட்டத்துக்காரன் பெயர் காங். நல்லவன், ஆனால் வாய் ஓயாது. மருந்து அடிக்கிற விஷயத்தில் அவனுக்கும் லியெமுக்கும் பதினைந்து வருஷம் வாக்குவாதம். எழுபதாவது நாள் வாக்கில் அவன் ஒரு கூடை உதிர்ந்த காயோடு என் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, உங்க தம்பி தோட்டத்த வந்து பாருங்க. நாத்தப்பூச்சி கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி குடும்பத்தோட உக்காந்திருக்கு."

"எறும்பு என்னடா பண்ணுது?"

"எறும்புக்கு என்ன குறை? மத்த மரத்து எறும்புக்குக் குடல் போட ஆளில்ல, அது மெலிஞ்சு போச்சு. கிழட்டு மரத்து எறும்புக்கு வீட்டுக்குள்ள விருந்து. தெனமும் விரால் போட்டா வேட்டைக்கு எவன் போவான்? நானா இருந்தாலும் போக மாட்டேன்."

"தியெப் கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். கேளுங்க கூத்த. 'மெதுவாப் பேசு, அவர் தூங்கறாரு'ன்னு சொல்றா." காங் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. "அண்ணி கையப் பாத்தீங்களா அக்கா? குச்சி மாதிரி ஆயிருச்சு. தோட்டம் கெடக்குது. அந்தப் பொண்ணப் பாருங்க."

அன்று நான் பார்த்தேன். எழுபது நாளாகப் படத்தையும் எறும்பையும் பார்த்தேனே தவிர, அவளை நான் பார்க்கவே இல்லை. கழுத்தெலும்பு சட்டைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. எழுந்து நிற்கச் சுவரைப் பிடித்தாள். நான் கஞ்சி வைத்துக்கொண்டுபோய்க் கெஞ்சினேன், திட்டினேன், கிண்ணத்தை அவள் முன்னால் நங்கென்று வைத்தேன்.

"தின்னுடி. செத்துப்போகப் போறியா?"

"அவர் சாப்பிடட்டும் அக்கா. அப்புறம் சாப்பிடறேன்."

"அவன் எழுபது நாளா சாப்பிடறான். எந்த மனுஷனுக்குடி அவ்வளவு பசி?"

"நான் கூப்பிடலியே," என்றாள். "அந்தப் பசி எழுபது நாள்ல தீருமா?"

செத்தவனுக்கு அன்றாடம் சோறு படைப்பது எங்களிடம் நூறு நாள்தான். நூறாம் நாள் விருந்து வைத்து வழியனுப்புவோம். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு முறை. அதற்குமேல் தினமும் போட்டால் போகிறவன் போகமாட்டான் என்பார்கள். அந்த நாளுக்காகத்தான் நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சோறு நின்றால் எறும்பும் நிற்கும், இவளும் பிழைப்பாள் என்று நினைத்தேன்.

தொண்ணூற்றைந்தாம் நாள் தியெப் என்னை உட்காரவைத்துச் சமையல் பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். இந்தச் சட்டி உங்களுக்கு, இந்தக் குழம்புக் கரண்டி காங் வீட்டுக்கு என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது.

"எதுக்குடி இதெல்லாம்?"

"நூறாம் நாளோட சோறு நிறுத்தணும்ல அக்கா. நிறுத்தினா அவருக்கு மறுபடியும் பசிக்கும். அதான் அவரையே கேட்டேன். கூட வந்து சமைச்சுப் போடட்டுமான்னு. நின்னுச்சுங்க. காலத் தூக்குச்சுங்க."

"யாரு சொன்னா வரச் சொல்லி? எறும்பா சொல்லுச்சு?"

"அவர்தான் சொன்னாரு. உங்களுக்குக் கேக்காது. எனக்குக் கேக்குது."

இவள் செத்தால் அதற்கு நான்தான் காரணம். எட்டு நாள் காத்திருந்து தேடி வந்தவற்றுக்குச் செய்தி சொல்லாமல் விட்டவள் நான். லியெமைப் போகவிடாமல் பிடித்து வைத்திருப்பது அவள் சோறு அல்ல, என் இடுப்பில் செருகிய அந்த ஒரு முழத் துணி.

மறுநாள் காலை கிழட்டு மரத்திடம் போனேன். புதுத் துணி கொண்டுபோனேன். அடிமரத்தைத் தட்டினேன். கூடுகளிலிருந்து எறும்புகள் மழையாகக் கொட்டின. கழுத்து, காது, கண் இமை என்று ஒரு இடம் விடாமல் கடித்தன. கடித்த இடத்தில் புளிப்பு நீரைப் பீய்ச்சின. நான் நகரவில்லை. சத்தமாகச் சொன்னேன். "உன்னை வைத்தவன் போய்விட்டான். என் தம்பி போய்விட்டான். இனி அவனுக்காகக் காத்திருக்காதே." 'என் தம்பி போய்விட்டான்' என்று தொண்ணூற்றாறு நாளில் நான் என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. துணியைக் கட்டிவிட்டு, வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

அன்று மத்தியானம் அவை வராது என்று நம்பிப் போய் உட்கார்ந்தேன். பதினொன்றரைக்கு வந்தன. ஒரு வரிசையாக அல்ல, இரண்டு வரிசையாக வந்தன. மீனைத் தொடவில்லை. மேடையைச் சுற்றி, படத்தின் சட்டத்தைச் சுற்றி, கண்ணாடிக்கு மேலே அவன் முகம் மறையும் அளவுக்கு ஏறி நின்றன. துக்கம் கேட்க ஊரே வந்த மாதிரி இருந்தது. அசையவில்லை. தியெப் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"பாருங்க அக்கா. என்னக் கூட்டிட்டுப் போக எல்லாரும் வந்துட்டாங்க."

பெட்டி கிளம்புவதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைத் தொண்ணூற்றாறு நாள் கழித்துச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அடுத்த மூன்று நாளும் அதே கதைதான். நூறாம் நாளுக்கு முன்தினம் காங் வீட்டுக்குப் போனேன்.

"மருந்து குடு."

"எதுக்கு அக்கா?"

"எறும்புக்கு."

காங் ஸ்பிரேயரைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைப்பதை நிறுத்திவிட்டான். "லியெம் அண்ணன் தோட்டத்துலயா? நாத்தப்பூச்சிக்கு அடிக்கிறேன்னு நானே பதினஞ்சு வருஷம் கேட்டுப் பாத்தேன். அப்படியே எந்திரிச்சு வந்து என் கழுத்தப் புடிப்பாரு."

"வந்தா என் கழுத்தப் புடிக்கட்டும். நான் அவன் அக்கா."

"அதெல்லாம் நல்ல எறும்புக்கா," என்றான். பதினைந்து வருஷம் அதற்கு எதிராகப் பேசியவன் வாயிலிருந்து அது வந்தது.

"எனக்கும் தெரியும்டா," என்றேன்.

நூறாம் நாள் காலை தியெப் விருந்துக்குச் சாமான் வாங்கப் படகில் சந்தைக்குப் போனாள். கடைசிச் சமையல் என்பதால் எல்லாவற்றையும் தன் கையாலேயே வாங்க வேண்டும் என்று பிடிவாதம். படகு வளைவில் மறைந்ததும், நான் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு பின்வேலிக்குப் போனேன். காங் உதவிக்கு வருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். இதை வேறு யாரும் செய்யக் கூடாது.

ஒன்பது கூட்டுக்கும் அடித்தேன். முதல் கூட்டுக்கு அடித்ததும் அவை வெளியே வந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் அரிசி மாதிரி ஒரு வெள்ளைக் குஞ்சு. அதைத் தூக்கிக்கொண்டு கிளைக் கிளையாக ஓடின. ஓட இடமில்லாமல் போனபோதும் அதைக் கீழே போடவில்லை. அப்படியே சுருண்டு தண்ணீரில் விழுந்தன. அவன் உட்கார்ந்திருந்த அதே வாய்க்கால் மஞ்சளாகிப் போனது. என் கைமேல் விழுந்தன, தலைமேல் விழுந்தன, சட்டைக்குள் போயின. நாலு நாளைக்கு முன்னால் வெறும் கையால் தட்டியதற்கே என்னைத் துளைத்து எடுத்தவை. அன்று ஒன்றுகூட என்னைக் கடிக்கவில்லை. கடிக்க மாட்டாயா, கடியேன் என்று கத்தினேன். ஒன்று என் மணிக்கட்டில் நின்று முன்னங்கால்களைத் தூக்கியது. பிறகு அதுவும் விழுந்துவிட்டது.

கம்பி, ஜன்னல், மேடையின் கால் எல்லாவற்றையும் துடைத்தேன். குளித்தேன், சட்டை மாற்றினேன். வாய்க்காலில் மிதந்தவற்றைக் காங் வலை போட்டு அள்ளிக்கொண்டு போனான். வேலியை ஒட்டித்தான் அவன் தோட்டம், அவன் மருந்து வாடை எங்கள் பக்கம் வீசாத நாளே கிடையாது. வாடை ஏதென்று தியெப் கேட்டால் சொல்லப் பதில் தயாராக இருந்தது.

தியெப் வந்தாள். ஐந்து வகை சமைத்தாள். துவைத்து மடித்து வைத்திருந்த சட்டையை உடுத்திக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, மேடைக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மணி பதினொன்றரை ஆயிற்று. அவள் ஜன்னலைப் பார்த்தாள். கம்பியில் காயப்போட்ட துணி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, வேறு எதுவும் இல்லை.

பன்னிரண்டு ஆயிற்று. மீனின் மேல் எண்ணெய் உறைந்தது. ஒரு ஈ வந்து உட்கார்ந்தது, அவள் விரட்டினாள். என்ன செய்தோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் தேடிக்கொண்டு தோட்டத்துக்குப் போனால்? போய் அந்த மரத்தைப் பார்த்தால்? ஒரு மணி அடித்தது. அன்றைக்கு அவனைத் தேடிப் போன அதே ஒரு மணி. தியெப் சுவரைப் பிடித்து எழுந்தாள். பின்வாசல் பக்கம் திரும்பினாள்.

"சாப்பிட வாங்க!" என்று கத்தினாள்.

நூறு நாளைக்கு முன்னால் கத்தியிருக்க வேண்டியது. தோட்டம் முழுக்கக் கேட்டிருக்கும். ஒரு பறவைகூடப் பதில் சொல்லவில்லை. மறுபடியும் கத்தினாள். மூன்றாவது தடவை குரல் உடைந்தது. படி இறங்கப் போனவளை நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். எலும்பும் தோலுமாக இருந்தவள் என் தோளில் முகத்தைப் புதைத்தாள். புதைத்தவள் சட்டென்று அசையாமல் நின்றாள். என் தலைமயிரில் அந்த மருந்து வாடை போயிருக்காது என்று எனக்குத் தெரியும். தலையைத் தூக்கி என்னை வெகுநேரம் பார்த்தாள். தெரிந்துகொண்டாளா, இல்லையா, இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. நான் கேட்டதுமில்லை.

"போயிட்டாரு, இல்லக்கா?"

"போயிட்டான்."

"போறப்போ உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

அவன் ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா என்றுதான் நூறு நாளாக நான் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். மூங்கில் போட்டுப் பார்த்தேன். கனவுக்காகச் சீக்கிரம் படுத்துப் பார்த்தேன். எனக்கு அவன் எதையும் சொல்லவில்லை, கடிக்கக்கூட இல்லை. அவள் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. அந்தக் கண்ணில் பாத்திரங்களைப் பங்கு பிரித்தபோது இருந்த அமைதி இன்னும் இருந்தது.

"சொன்னான்," என்றேன்.

"என்ன சொன்னாரு?"

"வயிறு நெறஞ்சுருச்சு அக்கா, போதும்னான். இனிமே அவளத் தின்னச் சொல்லுன்னான்."

அவள் என் கையை விட்டாள். மேடைக்குத் திரும்பிப் போனாள். அவனுக்குப் படைத்த கிண்ணத்தை எடுத்து, ஆறிப்போன சோற்றில் மீனைப் பிட்டு வைத்து, ஒரு வாய் வைத்தாள். அப்புறம் ஓவென்று அழுதாள். வாயில் சோற்றை வைத்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே மென்றாள். சட்டியில் இருந்ததை நான் எடுத்து எடுத்துப் போட்டேன். இரண்டாவது கிண்ணத்துக்கும் நீட்டினாள்.

"நீங்களும் சாப்பிடுங்க அக்கா," என்றாள்.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். என் தம்பி செத்த பிறகு என்னிடம் சொன்னதாக இருப்பது அந்த ஒரு வார்த்தைதான், அதையும் நானேதான் சொன்னேன்.